சின்னப்பன் எந்த ஊர் பெயர்?

தர்மபுரி பக்கம் ஒரு டீக்கடை வாசலில் நின்று "சின்னப்பா" என்று சத்தம் போட்டால் இரண்டு பேராவது திரும்பிப் பார்ப்பார்கள். ஒருவர் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறவர், இன்னொருவர் ஞாயிறு பூசைக்குப் போகிறவர். யார் எவர் என்று பெயரை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. ஆனாலும் "மதம் மாறினால் பெயரும் வெளிநாட்டுப் பெயர்தான்" என்று ஒரு கூட்டம் சொல்லிக்கொண்டே இருக்கிறது...

பால் என்ற பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். லத்தீனில் பவுலுஸ் என்றால் சின்னவன். கி.மு. 216ல் கன்னே போரில் ஹனிபாலின் படையிடம் தோற்று இறந்த ரோமானிய கான்சல் எமிலியுஸ் பவுலுஸுக்கும் இதே பெயர்தான். (பதவி பெரிசு, பெயர் மட்டும் சிறிசு!) மனம் மாறியதும் சவுல் என்ற பெயரைக் கடவுள் பவுல் என்று மாற்றினார் என்பது பலரும் நம்பும் கதை. பைபிளில் அப்படி எதுவும் இல்லை. அவருக்கு அந்தப் பெயரும் இருந்தது என்பதோடு சரி.

தமிழ்க் கத்தோலிக்கர்கள் இந்தப் பெயரின் ஓசையை விட்டுவிட்டு அர்த்தத்தை எடுத்துக்கொண்டார்கள். பவுலுஸ் சின்னப்பர் ஆனார், யோவான் அருளப்பர் ஆனார். இத்தாலியிலிருந்து வந்த கொன்ஸ்தான்சோ பெஸ்கியின் பெயருக்கு லத்தீன் வேர் 'உறுதி'. அவர் இங்கே தைரியநாதர் ஆகி, பிறகு வீரமாமுனிவர் ஆனார். பி.யு. சின்னப்பாவும், முருக பக்தரான சாண்டோ சின்னப்பா தேவரும் வைத்திருந்த பெயருக்குள் ஒரு ரோமானியப் பெயரைக் கொண்டுவந்து உட்காரவைத்தவர்களைப் பார்த்தா அந்நியப் பெயர் என்கிறீர்கள்?

சரி, கத்துகிறவர்கள் கத்தட்டும். சொந்த வீட்டில் நடந்தது அதைவிட மோசம். 1995ல் வந்த பைபிள் பொது மொழிபெயர்ப்பில் சின்னப்பர் பவுல் ஆனார், அருளப்பர் யோவான் ஆனார், இராயப்பர் பேதுரு ஆனார். கத்தோலிக்கரும் மற்ற சபையினரும் ஒரே பைபிளைப் படிக்க வேண்டும் என்பது நல்ல காரணம்தான். ஆனால் அதற்கு விலையாகக் கொடுக்க சின்னப்பரும் அருளப்பரும்தானா கிடைத்தார்கள்? அந்தப் பக்கத்திலிருந்து இரண்டு பேராவது இந்தப் பக்கம் வந்திருக்கக் கூடாதா?

தர்மபுரி மறைமாவட்டம் சேலத்திலிருந்து பிரிந்தது 1997ல். அதாவது, பிறந்ததிலிருந்தே அது பூசையில் கேட்பது பவுலின் கடிதங்களைத்தான். தாத்தா சின்னப்பன், பேரன் பால்ராஜ். இரண்டும் ஒரே பெயர் என்று அந்தப் பையனுக்கு யாரும் சொல்வதில்லை. வகுப்பில் அவனை "ஆவின்" என்று கூப்பிடுகிறார்கள், அவனும் சிரித்துக்கொள்கிறான்.