பாட்டனாரைத் தேடுவோம், பெருமைக்காக அன்று



கோட்டாற்றை அடுத்த இடலாக்குடியில் 1874ஆம் ஆண்டு பிறந்தவர் சதாவதானி செய்குதம்பிப் பாவலர். 1907 மார்ச் 10 அன்று சென்னை விக்டோரியா மண்டபத்தில் அவர் சதாவதானம் நிகழ்த்தினார். 2008இல் அவருக்கு அஞ்சல் தலையும் வெளியிடப்பட்டது. அவர் வாழ்வை அறிய ஏடுகள் உண்டு. அவர் நடந்த அதே தெருக்களில் உழைத்து மறைந்த நம் பாட்டனார்களைப் பற்றிக் கேட்டாலோ, "அரபு நாட்டிலிருந்து வந்த பெரிய குடும்பம்" என்ற ஒற்றை வரியே பல வீடுகளில் விடையாகக் கிடைக்கிறது.

ஒரு ஹதீஸை ஏற்கும் முன், அதை அறிவித்தவர் யார், எப்போது வாழ்ந்தார், உண்மையாளரா என்று ஆராய்ந்தவர்கள் நம் இமாம்கள். அந்த மரபில் வந்த நாம், குடும்பக் கதைகளை மட்டும் சான்றின்றி ஏற்பது முறையாகுமா?

தேட இடங்கள் உள்ளன. மீசான் கற்களில் ஹிஜ்ரி ஆண்டு இருக்கும். 1956 நவம்பர் 1 வரை நம் பகுதி திருவிதாங்கூரையும், பின்னர் திருவிதாங்கூர்-கொச்சியையும் சேர்ந்திருந்ததால், பழைய பத்திரங்களில் கொல்லம் ஆண்டு இருக்கும்; கொல்லம் 1100 என்பது 1924 ஆகஸ்டு நடுவில் தொடங்கிய ஆண்டு. அரசு ஆவணங்களுக்குத் திருவனந்தபுரம் ஆவணக் காப்பகம் வரை செல்ல நேரலாம். மலையாளம் படிக்கத் தெரிந்தவரின் துணையும் வேண்டும். பழைய நாளிதழ்களில் ஊர்ச்செய்தியாகவோ ஏல அறிவிப்பாகவோ ஒரு பெயர் தென்படலாம். குடும்பக் கதைகள் மறந்துவிட்ட பெண்களின் பெயர்களை, மஹர் தொகையோடு, ஜமாஅத்தின் நிக்காஹ் தப்தர் காத்து வைத்திருக்கலாம். செல்லரிக்கும் முன் அவற்றைப் படம் எடுத்து வைப்பது ஒவ்வொரு ஜமாஅத்தின் கடமை.

தேடுபவர் ஒன்றுக்கு ஆயத்தமாக இருக்க வேண்டும். கிடைப்பது பெருமையாகவே இருக்கும் என்பதில்லை. தீராத கடன் தெரியவரலாம். பாகப் பத்திரத்தில் மகள்களின் பெயரே இல்லாதிருக்கலாம். அந்தச் சகோதரிகளின் பேரப்பிள்ளைகள் இன்று பக்கத்து ஊரிலேயே, நம்மோடு பேச்சுவார்த்தை இல்லாமல் வாழக்கூடும். அப்போது தாளை மடித்து வைத்துவிட்டால், தேடியது வீண். அவர்கள் வீட்டுக் கதவைத் தட்டி ஸலாம் சொல்வதும், ஆலிம்களிடம் கேட்டு உரியதை உரியவரிடம் சேர்ப்பதுமே அத்தேடலின் பயன்.

வம்சத்தை அறிந்துகொள்ளுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியது, உறவைப் பேணி வாழ்வதற்காகவே. குலப்பெருமை பேசுவதற்காக அன்று.

நம் முன்னோரின் பிழைகளை அல்லாஹ் பொறுத்தருள்வானாக. அவர்கள் விட்டுச்சென்ற கடமைகளை நிறைவேற்றும் வலிமையை நமக்குத் தருவானாக. ஆமீன்.