முப்பத்தி மூவாயிரம் ரூபாய்

எங்க சித்தப்பாவின் வலது கையை வெல்லம் காய்ச்சும் ஆலையில் கரும்பு ஊட்டும்போது உருளை இழுத்துக்கொண்டது. மூணு விரல் போச்சு. கட்டைவிரல் இருக்குது, மடங்காது. ஆலைக்காரர் ஊர்த்தெரு. இரண்டாயிரம் ரூபாயும் ஒரு மூட்டை அரிசியும் கொடுத்துக் கணக்கை முடித்தார்.

2021 ஏப்ரலில் உதவித்தொகைக்கு மனு கொடுத்தோம். முதலில் கொரோனா என்றார்கள். அது நியாயம். கொரோனா போனபிறகு டாக்டர் லீவு, அப்புறம் முகாம் அடுத்த மாசம், அப்புறம் 'ஃபண்டு வரலே'. ஒருவழியாக எலும்பு டாக்டர் பார்த்தார். கையைத் தொடவில்லை, பேனாவால் தள்ளிப் பார்த்தார். முப்பத்தாறு சதவீதம் என்று எழுதினார். நாற்பது இருந்தால்தான் சட்டக்கணக்கில் ஊனம்.

வெளியே வந்து சித்தப்பா கேட்டார்: "கை இருக்குதுன்றாரு. அருவா புடிக்குமான்னு கேக்கலியேப்பா?"

இந்தக் கேள்விதான் கேள்வி. சதவீதம் எதை அளக்கிறது? எலும்பை, மூட்டை, விரலை. பிழைப்பை அளக்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து சம்பளம் வாங்குகிறவருக்கு முப்பத்தாறு என்றால் முப்பத்தாறுதான். நாத்துக் கட்டும் களைவெட்டும் தவிர வேறு வேலைக்கு விடப்படாத சாதியில் பிறந்தவனுக்கு அது நூறு. நான் இட்டுக்கட்டிச் சொல்லவில்லை. இடது கை போன ஒரு தச்சருக்கு 1975இல் உச்சநீதிமன்றம், ஒற்றைக் கையால் தச்சுவேலை ஆகாது, ஆகவே இது முழு ஊனம் என்று சொல்லிவிட்டது. அது தொழிலாளர் நட்டஈட்டு வழக்கு. உதவித்தொகை மேசைக்கு அந்தத் தீர்ப்பு இன்னும் வந்து சேரவில்லை.

மறுபடி அலைந்து நாற்பத்தைந்து வாங்கினோம். பிறகு கிராம அலுவலகம். அது ஊர்த்தெருவில், ஆலைக்காரர் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி. விசாரணைக்கு அலுவலர் காலனிக்குள் வரவில்லை. தலையாரியை அனுப்பி "மவன் இருக்கான்ல, அவன் சோறு போடமாட்டானா?" என்று கேட்டுவரச் சொன்னார். அந்த மவனும் செங்கல் சூளையில் முன்பணம் வாங்கி மாட்டிக்கிடக்கிறான். அதை எழுத மனுவில் கட்டம் இல்லை.

2023 செப்டம்பரில் ஆணை வந்தது. அந்த மாசத்திலிருந்துதான் பணம், முந்தினது கிடையாது. கணக்குப் போடுங்கள். 2022 டிசம்பர் வரை மாசம் ஆயிரம், இருபத்தியொரு மாசம். 2023 ஜனவரியிலிருந்து ஆயிரத்து ஐந்நூறு, எட்டு மாசம். முப்பத்தி மூவாயிரம். ஒரு கூலிக்காரனிடமிருந்து இதை எடுத்துக்கொண்டது யார்? லஞ்சம் என்றால் பிடித்துக்கொடுக்கலாம். தாமதத்தை எந்த ஸ்டேஷனில் பிடித்துக்கொடுப்பது?

2017 விதிகள் ஒரு மாதத்துக்குள் சான்று தரவேண்டும் என்றன. 2024 அக்டோபரில் அதை மூன்று மாதமாக நீட்டினார்கள். இரண்டு வருசம் முடிவாகாமல் கிடந்தால் விண்ணப்பம் செத்ததாக அர்த்தம்; திரும்ப எழுதணும், இல்லை போய் உயிர்ப்பிக்கணும். தூங்கினது ஆபீசு, தண்டனை நமக்கு. ஒன்றிய அரசின் பங்கைப் பற்றிப் பேசவே வெட்கமாயிருக்கிறது: 80 சதவீதம் ஊனம் இருந்தால் மாசம் 300 ரூபாய், 2012இல் வைத்தது. பெயரை மட்டும் மரியாதையாக மாற்றுத்திறனாளி என்று மாற்றிக்கொண்டார்கள். வரிசை மாறவில்லை.

2011 மக்கள்தொகைக் கணக்கில் பட்டியல் சாதியாரில் ஊனமுற்றோர் 2.45 சதவீதம். பட்டியல் சாதி, பழங்குடி அல்லாதவர்களில் 2.18. நம்ம ரத்தத்தில் ஏதும் கோளாறா? கிணறு வெட்டுவது யார், சூளையில் வேகுவது யார், மலக்குழியில் இறங்குவது யார்? வெட்டுப்பட்டுக் கை போனாலும் இதே சதவீதம்தான். வன்கொடுமை விதிகளின் 2016 திருத்தப்படி நூறு என்றால் எட்டேகால் லட்சம், ஐம்பதுக்குக் கீழே என்றால் இரண்டரை லட்சம். வெட்டினவன் அரிவாளுக்கு இல்லாத அளவுகோல் நம் கைக்கு இருக்கிறது.

நம் இயக்கங்கள் நிலத்துக்குப் போராடின, இடஒதுக்கீட்டுக்குப் போராடின. முகாம் வாசலில் காலை ஏழு மணியிலிருந்து குந்தியிருக்கும் நம் சனத்தைப் பற்றி எத்தனை தீர்மானம் போட்டோம்? அதை ஊனமுற்றோர் சங்கத்து வேலை என்று விட்டுவிட்டோம். அந்தச் சங்கங்களிலோ சாதியைப் பேசினால் ஒற்றுமை கெடும் என்கிறார்கள். இரண்டு இடத்திலும் சித்தப்பாவுக்குப் பாய் இல்லை.

எதிர்வீட்டு அக்காவின் மனு போன ஆடியில் கொடுத்தது. காது கேட்காது. ரசீது என் பையில் இருக்கிறது. திங்கட்கிழமை மறுபடி போகிறோம், இந்தமுறை காலனியிலிருந்து பதினோரு பேர்.