கோடு போட்டால் விளைச்சல் வருமா?

பி.காம். புள்ளியியல் தேர்வில் அடிக்கடி தலைகாட்டுகிற கணக்கு ஒன்று உண்டு. மழையளவு, விளைச்சல் இரண்டுக்கும் சராசரி, திட்டவிலக்கம் கொடுத்து, ஒட்டுறவுக் கெழு 0.8 என்றும் சொல்லிவிட்டு, "மழை இவ்வளவு பெய்தால் விளைச்சல் எவ்வளவு?" என்று கேட்பார்கள். சூத்திரத்தில் போட்டால் ஒரு எண் வரும். கீழே இரட்டைக் கோடு. பத்து மார்க்.

பிரச்சினையே இந்தப் பத்து மார்க்தான். இப்படிப் படித்து வெளியே வருகிறவர்களுக்கு ரெக்ரஷன் (பாடநூல் தமிழில் தொடர்புப் போக்கு) என்பது பதில் துப்புகிற இயந்திரம். அந்தக் கோடு எதைச் சொல்லவில்லை என்று கேட்கிற கேள்வித்தாள் அபூர்வம்.

இதே கணக்கைத் திருவேங்கடத்துக் கரிசலுக்குக் கொண்டுவந்து பார்க்கலாம். மானாவாரி பூமி. உளுந்தையும் மக்காச்சோளத்தையும் விதைத்துவிட்டு வடகிழக்குப் பருவமழையை நம்பி உட்கார்ந்திருக்க வேண்டும். மழை கூடினால் விளைச்சல் கூடும், சரிதான். ஆனால் கோட்டுக்கு எங்கே நிற்பதென்று தெரியாது. மழை இரண்டு மடங்கானாலும் விளைச்சல் ஏறும் என்றே சொல்லிக்கொண்டு போகும். நெற்று முற்றிய நேரத்தில் விடாமல் பெய்தால் உளுந்து செடியிலேயே முளைத்துப்போகும் என்பது சம்சாரிக்குத் தெரியும், சமன்பாட்டுக்குத் தெரியாது. கையில் இருக்கும் தரவின் எல்லையைத் தாண்டினால் அந்தக் கோடு வெறும் ஊகம்.

அந்த 0.8-ஐயும் கொஞ்சம் உரசிப் பார்க்கலாம். அதன் வர்க்கம் 0.64. விளைச்சலின் மாறுபாட்டில் 64 சதவீதத்துக்கு மழையளவு கணக்குச் சொல்கிறது. அதுவும் சேர்ந்து நகர்கிறது என்றுதான், காரணம் என்றில்லை. மீதி 36 விதை, பூச்சி, மழை பெய்த தேதி என்று எதெதிலோ கிடக்கிறது. 36 தானே என்று தள்ளிவிட முடியாது. கோட்டைச் சுற்றியுள்ள சிதறலை அளந்தால், பழைய திட்டவிலக்கத்தில் 60 சதவீதம் அப்படியே நிற்கும் (0.36-இன் வர்க்கமூலம் 0.6, அவ்வளவுதான்). வட்டிக்கு வாங்கி விதைத்தவரின் தலையெழுத்து அந்த 60-க்குள் இருக்கிறது. விடைத்தாளில் அதற்கு இடமே இல்லை!

இதெல்லாம் வகுப்பறைச் சமாச்சாரம், பெரிய இடங்களில் நடக்காது என்று யாராவது சொன்னால் 2002-ஐ ஞாபகப்படுத்தலாம். இந்திய வானிலை ஆய்வுத் துறை 1988 முதல் 16 காரணிகள் கொண்ட ரெக்ரஷன் மாதிரியை வைத்து நாடு முழுமைக்குமான தென்மேற்குப் பருவமழையைக் கணித்து வந்தது. 2002-இல் நீண்டகாலச் சராசரியில் 101 சதவீதம் பெய்யும் என்றது. பெய்தது 81. ஜூலையில் மட்டும் ஏறக்குறையப் பாதி மழை காணாமல் போனது. பழைய காரணிகள் சிலவற்றுக்கும் மழைக்கும் இருந்த உறவு காலப்போக்கில் தேய்ந்திருந்தது. 2003-இல் காரணிகளைக் குறைத்துப் புது மாதிரிகளைக் கொண்டுவந்தார்கள்.

காரணி கூடினால் ஆர்-ஸ்கொயர் ஒருநாளும் குறையாது. திருவேங்கடம் பஸ் ஸ்டாண்டில் வருஷா வருஷம் மேய்ந்த ஆடுகளின் எண்ணிக்கையைச் சேர்த்தாலும் குறையாது. கொஞ்சம் ஏறத்தான் செய்யும். இரண்டே புள்ளி இருந்தால் கோடு கச்சிதமாகப் பொருந்தும், ஆர்-ஸ்கொயர் முழுசாக 1. நடந்து முடிந்ததற்குப் பொருந்துவது வேறு, நாளையைச் சொல்வது வேறு. நம்மூர் மழையைக் கணிக்க ரெக்ரஷனைக் கொண்டுவந்த கில்பர்ட் வாக்கரே இதை 1914-இல் எழுதிவிட்டார்: நிறையக் காரணிகளைத் துழாவினால் தற்செயலாகவே ஒன்று பெரிய ஒட்டுறவோடு அகப்படும், அதற்குத் தனியாகச் சோதனை வேண்டும் என்று. நூறு வருஷம் தாண்டியும் பாடத்திட்டத்துக்கு அது வந்து சேரவில்லை.

கையால் கணக்குப் போட்டால்தான் அடிப்படை புரியும் என்பார்கள். எது புரிகிறது? எக்ஸெல் அரை நொடியில் தருவதை நாற்பது நிமிஷத்தில் தருகிற பொறுமை வருகிறது. பத்தில் மூன்று மார்க்கையாவது சிதறல் படம் வரைவதற்கும், "இந்த விடையை நம்பிக் கடன் கொடுக்கலாமா?" என்ற ஒரு கேள்விக்கும் ஒதுக்கலாம். பட்டம் வாங்கியதும் பாதிப் பேர் போய் உட்காரப்போவது வங்கியிலும் பைனான்ஸ் கம்பெனியிலும்தானே.