பேர் கொடுக்காத ஆள்

இந்த மாதத் திறந்த மேடைக்குப் பெயர்ப்பட்டியல் பின்பக்கம் வரை போனது. கடைசிப் பெயரைக் கூப்பிட்டபோது ஹாலில் மிஞ்சியவர்கள்: அந்தக் கடைசிக் கவிஞர், நான், நாற்காலிகளை அடுக்கக் காத்திருந்த வாட்ச்மேன் அண்ணன். மற்றவர்கள் தங்கள் கவிதையை வாசித்தார்கள், ஒரு செல்ஃபி எடுத்தார்கள், "அர்ஜென்டா ஒரு வேலை சார்" என்று நழுவினார்கள். ஒருவர் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டே கைதட்டலை வாங்கிக்கொண்டு போனார்.

இந்தப் பத்தியை விடாமல் படிப்பவர்களுக்கு என் ஜென்மப் பகை எதுவென்று தெரியும்: "கவிதைக்கு முன்னாடி ஒரு சின்ன விளக்கம்." நாலு வரிக் கவிதை, அதற்கு நாலு நிமிஷ விளக்கம். நடுவில் போன் திரை அணைந்துவிடும். விரல் ரேகை வைத்துத் திறந்து, விட்ட இடம் தெரியாமல் மறுபடி விளக்கத்திலிருந்தே ஆரம்பிப்பார்கள்.

பட்டியல் பார்த்துக்கொள்ளும் கல்லூரிப் பெண் ஒரு யோசனை சொன்னாள். "மேஜை மணி ஒண்ணு வாங்கிடலாம் சார். அஞ்சு நிமிஷம் ஆச்சுன்னா தட்டிடுவோம்." அமெரிக்க 'ஸ்லாம்' கவிதைப் போட்டி விதிகளையும் போனில் காட்டினாள். மூன்று நிமிஷம், மேலே பத்து விநாடி சலுகை. அதையும் தாண்டினால் பத்து விநாடிக்கு அரை மதிப்பெண் வெட்டு. நம் வில்லிபுத்தூராரிடம் தோற்ற புலவருக்குக் காதே போகும் என்று கதை உண்டு. அரை மதிப்பெண் எவ்வளவோ மேல்.

மணி இருக்கட்டும். அந்த விதிகளில் என்னைப் பிடித்து நிறுத்தியது வேறொன்று. கட்டட வேலை பார்த்த மார்க் ஸ்மித் 1986-இல் சிகாகோவின் கிரீன் மில் மதுக்கூடத்தில் தொடங்கிய போட்டி இது. நடுவர்கள் பேராசிரியர்கள் அல்ல, கூட்டத்திலிருந்து அப்போதைக்குப் பிடித்து உட்காரவைத்த ஐந்து பேர்.

எங்கள் மதுரையில் ஒருவரே போதும் என்றேன். அவளுக்குப் புரியவில்லை. இறையனார் களவியல் உரையை எடுத்துக் கொடுத்தேன். (ஆமாம், மறுபடியும் அதே புத்தகம். பொறுத்துக்கொள்ளுங்கள்.)

பாண்டிய நாட்டில் பன்னிரண்டு ஆண்டுப் பஞ்சம். மழை பெய்தபின் அரசன் புலவர்களைத் தேட, பொருளதிகாரம் தெரிந்தவர் ஒருவரும் அகப்படவில்லை. ஆலவாய் இறைவனே அறுபது சூத்திரங்களைச் செப்பேட்டில் எழுதிப் பீடத்தின் கீழ் போட்டுவைக்கிறார். சங்கப் புலவர் நாற்பத்தொன்பது பேரும் ஆளுக்கொரு உரை செய்கிறார்கள். எது சரியான உரை? உப்பூரிகுடி கிழார் மகன் உருத்திரசன்மன் சொல்வான் என்கிறது இறைவன் வாக்கு. அவனோ வாய் பேசாத ஐந்து வயதுப் பிள்ளை.

வெள்ளை உடுத்தி, பூச்சூட்டி, உயர்ந்த இருக்கையில் அவனை ஏற்றி வைத்துவிட்டு ஒவ்வொருவராக வாசிக்கிறார்கள். பிள்ளை அசையவில்லை. மதுரை மருதன் இளநாகனார் வாசித்தபோது ஆங்காங்கே கண்ணீரும் மயிர்க்கூச்சமும். நக்கீரர் வாசித்தபோது பதந்தோறும்.

எல்லாரும் நக்கீரரைக் கொண்டாடுவார்கள். எனக்குப் பிள்ளைமேல்தான் கண். ஐந்து வயதில் ஒரு இலக்கண உரையை முழுதாகக் கேட்பதே தண்டனை, அவனுக்கு நாற்பத்தொன்பது. நடுவில் எழுந்து ஓடியதாகவோ சுண்டல் கேட்டு அழுததாகவோ சேதி இல்லை.

அதோடு முடியவில்லை. நக்கீரர் தம் மகன் கீரங்கொற்றனாருக்குச் சொன்னார், அவர் தேனூர்கிழாருக்குச் சொன்னார், அங்கிருந்து மணலூர் ஆசிரியர் புளியங்காய்ப் பெருஞ்சேந்தனார் (என்ன ஒரு பெயர்!) வழியாக முசிறி நீலகண்டனார் வரை, காதால் வாங்கி வாயால் கொடுத்து அந்த உரை வந்தது என்று நூலே வரிசை சொல்கிறது. அடுத்த மாதத்திலிருந்து பட்டியலில் இரண்டாவதாக ஒரு பத்தி போடச் சொல்லியிருக்கிறேன்: 'கேட்க மட்டும் வருபவர்'. வாட்ச்மேன் அண்ணன் பெயரை அதில் முதலில் எழுதிவிட்டாள் அந்தப் பெண்.

ஒரு சந்தேகம்தான் பாக்கி. தன் உரையை வாசித்து முடித்த புலவர்கள் நக்கீரர் முறை வரும்வரை மண்டபத்தில் இருந்தார்களா? இருந்திருப்பார்கள் என்றுதான் நினைக்கிறேன். முடிவு அறிவிக்கும்வரை எந்தப் போட்டியாளர் எழுந்து போயிருக்கிறார்?