காசு செலவாகாத இரக்கம்

நாயைப் பற்றி எழுதப் போகிறேன் என்றதும் கூட்டாளி ஒருவன் கேட்டான்: "கல்முனையில எழுத வேற ஒண்டும் கிடைக்கல்லையா மச்சான்?"

கிடைக்காமல் இல்லை. ஆனால் ஒரு கிழட்டு நாயை வைத்து எங்கட ஊர் இரக்கத்தைப் பற்றிப் பேசலாம் போலிருக்கிறது. நாம் இரக்கம் என்று நினைத்துக்கொண்டிருப்பதில் பாதி சோம்பேறித்தனம். இதை எனக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

சம்மாந்துறைக்கு மேற்கே உள்ள வட்டையில் மாமாவுக்கு வயல். அங்கே வாடியில் ஒரு நாய், பெயர் கறுவல். குட்டியாய் வந்தது. பெரும்போகம், சிறுபோகம் என்று வருசத்துக்கு ரெண்டு போகமாகப் பன்னிரண்டு வருசம் காவல் இருந்தது. பன்றி இறங்கினாலும், ராவில் நெல் மூட்டைக்குப் பக்கத்தில் ஆள் நடமாடினாலும், யானை வந்தாலும் முதல் சத்தம் அதனுடையதுதான். வீட்டுக்குள் அது வந்ததே இல்லை. ஆனால் அந்த வீட்டில் வெந்த சோற்றில் அதற்கும் பங்கு இருந்தது.

ஒரு மார்கழி மழையில் அது எழும்பக் கஷ்டப்பட்டது. படுத்தால் எழும்பப் பத்து நிமிசம். பின்கால் ரெண்டும் விறைத்து நிற்கும். வாடிக்கு முன்னால் உள்ள சின்ன வரம்பை அதால் தாண்ட முடியவில்லை. கேட்டவர் எல்லாம் ஆளுக்கொரு தீர்ப்புச் சொன்னார்கள்.

"நாய் தானே. நஜீஸ். அதுக்குப் போய் வைத்தியமா?"

"வயசு போனா அப்பிடித்தான் மனே. அல்லாஹ் விட்ட வழி."

"ஒரு பனடோலக் குடு."

"த்ரீவீலர்ல ஏத்தி காரைதீவுப் பக்கம் விட்டிரு. அங்க நாய் வளக்கிற ஆக்கள் பாத்துக்குவாங்க."

இந்த நாலையும் ஒவ்வொன்றாக எடுக்கிறேன்.

முதலாவது, நஜீஸ். நாம் ஷாபிஈக்கள். நாயின் ஈரம் பட்டால் ஏழு தடவை கழுவ வேண்டும், அதில் ஒரு தடவை மண்ணோடு. யாரும் மறுக்கவில்லை. ஆனால் காய்ந்த கையால் காய்ந்த ரோமத்தைத் தொட்டால் ஒன்றும் ஒட்டாது என்பதும் அதே மத்ஹபுதான். வேட்டைக்கும் மந்தைக்கும் பயிருக்கும் நாய் வைத்திருக்கலாம் என்று ஹதீஸில் வெளிப்படையாகவே இருக்கிறது. வயல் நாய் சட்டத்துக்குப் புறம்பான நாய் இல்லை. நாக்கைத் தொங்கவிட்டுக் கிடந்த நாய்க்குக் கிணற்றில் இறங்கித் தண்ணீர் மொண்டு கொடுத்தவரின் பாவம் மன்னிக்கப்பட்ட கதையை மதரசாவில் நாம் எல்லாரும் படித்தோம். பரீட்சையிலும் எழுதினோம். அந்தக் கதையில் வரும் நாய் வேறு, எங்கட வாடியில் கிடக்கும் நாய் வேறு என்று யார் சொல்லித் தந்தது? நாயின் ஈரம் ஏழு தடவையில் கழுவுப்படும். வேலை வாங்கிவிட்டுக் கைவிட்ட குற்றம் எத்தனை தடவையில் கழுவுப்படும்?

ரெண்டாவது, அல்லாஹ் விட்ட வழி. மாமாவுக்கு முழங்கால் வலி வந்தபோது யாரும் இப்படிச் சொல்லவில்லை. எக்ஸ்ரே எடுத்தோம், கண்டிவரை போனோம். கறுவலுக்கு வந்ததும் அதே நோய்தான். மூட்டில் எலும்பும் எலும்பும் உரசாமல் இருக்க மெத்தை போல ஒரு குருத்தெலும்பு இருக்கிறது. அது தேய்ந்தால் திரும்ப வளராது. மூட்டு வீங்கும், நோகும். முற்றாகச் சுகப்படுத்த முடியாது. ஆனால் நோவைக் குறைக்க முடியும். வயசு ஒரு நோய் இல்லை, நோவு வயசின் கூலியும் இல்லை.

"அது அழுவல்லியே" என்பார்கள். நாய் கால் மிதிபட்டால்தான் கத்தும். மாதக்கணக்கில் இருக்கும் நோவுக்குக் கத்தாது, மறைக்கும். படுக்கையிலிருந்து எழும்பும்போது விறைப்பு, ஒரே மூட்டை நக்கிக்கொண்டே இருப்பது, தொட்டால் உறுமுவது, ஆளைக் கண்டும் எழும்பி வராமல் வாலை மட்டும் ஆட்டுவது: நாயின் அழுகை இப்படித்தான் இருக்கும். "குணம் மாறிட்டு, கிழட்டுக் கோவம்" என்று நாம் அதற்குப் பெயர் வைக்கிறோம்.

மூன்றாவது, பனடோல். இது இரக்கத்தில் செய்வது என்று தெரியும். ஆனால் மனிசருக்கான நோவு மாத்திரையை நாய்க்குக் கொடுப்பது ஆபத்து. பனடோல் அளவு மீறினால் ஈரலைக் கெடுக்கும். பூனைக்குக் கொஞ்சம் கொடுத்தாலே நஞ்சு. பாமசியில் கேட்டவுடன் எடுத்துத் தரும் டைக்ளோபெனாக்கும் இப்யூபுரோபெனும் நாயின் குடலைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தைப் பழுதாக்கும். நாய்க்கென்று கார்ப்ரோபென், மெலொக்சிகம் போன்றவை இருக்கின்றன. அதையும் நிறை பார்த்து, வைத்தியர் சொன்ன அளவில்தான் கொடுக்க வேண்டும்.

நாலாவதுதான் எனக்கு ஆகக் கூடிய கோபம் தருவது. கொண்டு போய் விடுவது. கடற்கரையில், மீன் சந்தைக்குப் பின்னால், இல்லாவிட்டால் பக்கத்துத் தமிழ் ஊரில். நம் பாரத்தை அயலவன் வாசலில் இறக்கிவிட்டு அதை நன்மை என்று சொல்லிக்கொள்கிறோம். ஓட முடியாத நாயைப் புது ஊரில் விட்டால் அந்தத் தெரு நாய்கள் அதைச் சும்மா விடாது. அடையாளம் தெரியாத தெருவில் தண்ணீர் எங்கே என்றும் அதற்குத் தெரியாது. நாம் கொல்லவில்லை, சரி. கொலையை நாய்களுக்கும் வெயிலுக்கும் லொறிச் சக்கரத்துக்கும் குத்தகைக்குக் கொடுத்திருக்கிறோம்.

நாடும் இதைத்தான் செய்கிறது. வெள்ளைக்காரன் காலத்து 1893 விசர்நாய்ச் சட்டத்தை வைத்து நீண்ட காலம் தெருநாய்களைப் பிடித்துக் கொன்றார்கள். 2006 இல் இனிக் கொல்வதில்லை என்று கொள்கை வந்தது. நல்ல முடிவு. ஆனால் கொல்லாமல் விடுவது வேறு, பார்த்துக்கொள்வது வேறு. மிருகவதைக்கு 1907 ஆம் ஆண்டுச் சட்டம் போட்ட தண்டப்பணம் ஆகக் கூடியது 100 ரூபா. ஒரு பிளேன்டீயும் வடையும் எடுத்தால் மிச்சம் வராது. சட்டத்தின் இரக்கமும் செலவில்லாத இரக்கம்தான்.

மாமா இந்த நாலில் ஒன்றையும் செய்யவில்லை. மாடு பார்க்க வரும் வைத்தியர் ஒருவரைக் கெஞ்சி வாடிக்குக் கூட்டி வந்தார். அவர் சொன்னது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. நிறையைக் குறை, சோற்றை அளந்து போடு. ஈரச் சீமெந்தில் படுக்க விடாதே, பலகை போட்டு மேலே சாக்கு விரி. சாப்பாட்டுத் தட்டைக் கொஞ்சம் உயர்த்தி வை. ஒரேயடியாகக் கட்டியும் போடாதே, ஓட விடவும் வேண்டாம், காலையும் மாலையும் கொஞ்சத் தூரம் நடத்து. மாத்திரை இந்த அளவு, சாப்பாட்டோடு. அறுவடைக்கு மெசின் வந்தபோது கறுவல் வரம்பில் நின்று குலைத்தது. அப்படி இன்னும் ஒரு வருசம் இருந்தது.

அடுத்த மாரியில் பின்கால் ரெண்டும் விழுந்தது. இப்போதுதான் உண்மையான கேள்வி. ஊசி போட்டு விடுவதா?

நான் போடலாம் என்றேன். மாமா ஒரு மௌலவியிடம் கேட்டார். எங்கட ஷாபிஈ நூல்களில், சாப்பிடாத பிராணியை அதன் வேதனை தீர்க்க என்றாலும் அறுக்கக் கூடாது என்றுதான் இருக்கிறது. மறுபக்கம், மீள வழியில்லாமல் துடிக்கும் பிராணியை நோகாமல் முடித்துவைக்கலாம் என்று சொல்லும் இக்கால முப்திகளும் இருக்கிறார்கள். அறுக்கும்போதுகூடக் கத்தியைத் தீட்டு, பிராணிக்கு இலேசாக்கு என்று கட்டளையிட்ட மார்க்கம் இது. அந்தப் பக்கம்தான் என் மனசு. சரியான ஊசி நித்திரை போலத்தான் வரும், முதலில் நினைவு போகும், பிறகுதான் மூச்சு நிற்கும்.

மாமா முதல் பக்கத்தை எடுத்தார். நான் வாதாடினேன், தோற்றேன். ஆனால் அதற்குப் பிறகு அவர் செய்ததைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன். அவர் வீட்டுக்கு வரவில்லை. ஒன்பது நாள் வாடியில் படுத்தார். வைத்தியரிடம் பேசி நோவு மருந்தைக் கூட்டினார். படுக்கைப்புண் வராமல் சில மணிக்கு ஒரு தடவை கையுறை போட்டுப் புரட்டினார். கீழே துடைத்தார், தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக வாயில் விட்டார், பிறகு மண் போட்டுக் கழுவிக்கொண்டு தொழுதார். பத்தாம் நாள் சுபஹுக்கு முன்னால் அது மௌத்தானது.

ஊசி அதைவிட நல்லது என்று இன்றைக்கும் நினைக்கிறேன். அந்த ஒன்பதில் கடைசி மூன்று நாள் தேவையில்லாதவை. ஆனால் "கொல்லக் கூடாது" என்று சொல்லும் உரிமை மாமாவுக்கு இருந்தது. அதற்கான விலையை அவர் கொடுத்தார். வாசலில் நின்று "பாவம், ஹயாத் இருக்கிற வரைக்கும் கிடக்கட்டும்" என்று சொல்லிவிட்டு சைக்கிளில் ஏறிப் போனவர்களுக்கு அந்த உரிமை இல்லை. நாய் குரைக்காது, வீடு நாறுது என்பதற்காக முதல் வாரத்திலேயே ஊசி கேட்கிறவர்களுக்கும் இல்லை.

ஆக, உங்கள் வீட்டில், வாடியில் இப்படி ஒரு நாய் இருந்தால் உங்களுக்கு வசதியான கேள்விகளை விடுங்கள். அமெரிக்கக் கால்நடை வைத்தியர் அலிஸ் வில்லலோபோஸ் 2004 இல் ஏழு விஷயத்துக்குப் புள்ளி போடச் சொன்னார்: நோவு அடங்குகிறதா, சாப்பிடுகிறதா, தண்ணீர் போதுமா, சுத்தமாய் இருக்கிறதா, எதிலாவது சந்தோசம் இருக்கிறதா, நடக்கிறதா, கெட்ட நாளைவிட நல்ல நாள் கூடவா. ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு. முப்பத்தைந்துக்கு மேல் என்றால் இன்னும் வாழலாம். குறைந்தால் வைத்தியரிடமும், தேவையென்றால் ஆலிமிடமும் போய்த் தீர்வு கேளுங்கள். கலண்டரில் நல்ல நாளுக்கு ஒரு கோடு, கெட்ட நாளுக்கு ஒரு புள்ளடி போட்டு வாருங்கள். ஏனென்றால் நம் மனசு பொய் சொல்லும், கலண்டர் சொல்லாது.

தன்னைப் பட்டினி போட்டு வேலை வாங்குவதாக ஒரு ஒட்டகம் நபியவர்களிடம் கண்ணீரோடு முறையிட்ட செய்தி ஹதீஸில் இருக்கிறது. உடையவனைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். கறுவல் முறையிடவில்லை, வாலை மட்டும்தான் ஆட்டியது. ஆனால் விசாரணை இருக்கிறது என்று நம்புகிறவர்கள் தானே நாம்.