மைதானத்தில் வெளிவேடம்

நற்செய்தி நூல்களில் ‘வெளிவேடக்காரர்’ என்று நாம் வாசிக்கும் சொல், மூலமொழியாகிய கிரேக்கத்தில் முதலில் வசைச்சொல்லாக இருக்கவில்லை. நாடக மேடையில் முகமூடி அணிந்து, பிறர் எழுதிக் கொடுத்ததைப் பேசிய நடிகனுக்கு வழங்கிய தொழிற்பெயரே அது. அந்த நடிகன்மீது குற்றமில்லை. காண வந்தவர்கள், அது நடிப்பு என்று அறிந்தே அமர்ந்திருந்தார்கள். அறியாதவர் முன்னிலையில், அவர்களிடம் நுழைவுக் கட்டணமும் பெற்றுக்கொண்டு, அதே நடிப்பை மெய்யென்று காட்டினால் அதற்குப் பெயர் மோசடி. முன்கூட்டியே பேசி முடிக்கப்பட்ட கிரிக்கெட் ஆட்டம் இந்த நேர்ப்பொருளிலேயே வெளிவேடமாகிறது. ஆனால் ஒவ்வொரு முறையும் மேடையிலிருந்து இழுத்துச் செல்லப்படுபவர் பந்து வீசியவரும் மட்டை பிடித்தவருமே. நாடகத்தை நடத்தியவர்களும் கொட்டகையின் உரிமையாளர்களும் முன்வரிசையில் அமர்ந்து ‘ஐயோ, இப்படியும் உண்டா!’ என்று கன்னத்தில் கைவைத்துக் கொள்கிறார்கள். அந்த வியப்பையே நாம் பெரிய நடிப்பு என்கிறோம்.

தென்னாப்பிரிக்க அணியின் தலைவர் ஹான்சி குரோனியேயை நினைத்துப் பார்ப்போம். இறைப்பற்று மிக்க கிறிஸ்தவராக உலகம் அறிந்தவர் அவர். ‘இயேசுவாக இருந்தால் என்ன செய்திருப்பார்?’ எனக் கேட்கும் ஆங்கில எழுத்துகள் பொறித்த பட்டையைக் கையில் அணிந்தவர். 2000 ஜனவரியில் செஞ்சூரியன் மைதானத்தில் இங்கிலாந்துக்கு எதிரான டெஸ்ட் ஆட்டத்தின் மூன்று நாள்களை மழை விழுங்கிவிட்டது. இரு அணிகளும் ஆளுக்கோர் இன்னிங்சைக் கைவிட்டு முடிவு காண முயலலாம் என்று அவர் முன்மொழிந்தார். விளையாட்டின் மேன்மை இதுவன்றோ எனப் பலர் பாராட்டினர். அந்த மேன்மையின் பின்னால் சூதாட்டத் தரகர் ஒருவர் கொடுத்த சுமார் 50,000 ராண்ட் பணமும் ஒரு தோல் மேலாடையும் இருந்தது பின்னர் தெரியவந்தது. அதே ஆண்டு ஏப்ரலில் டெல்லிக் காவல்துறை அவருடைய தொலைபேசிப் பேச்சு ஒன்றை வெளிப்படுத்தியபோது முதலில் மறுத்தார்; சில நாள்களில் ஒப்புக்கொண்டார்; அக்டோபரில் ஆயுள்காலத் தடை பெற்றார்; 2002 ஜூன் 1 அன்று விமான விபத்தில் இறந்தார்.

விசாரணையின்போது அவர் தம் வீழ்ச்சியில் சாத்தானுக்கும் ஒரு பங்கைக் கொடுத்தார். ஒப்புரவு அருளடையாளத்திற்காக அமரும் எந்தக் குருவும் இத்தகைய வாக்கைக் கேட்டுப் பழகியவரே. சாத்தான் காசோலை வாங்குவதில்லை என்று மெல்லச் சொல்லிவைப்பதும் வழக்கம். எனினும் நம்மை அதிகம் உறுத்துவது வேறொன்று. நாக்பூரில் நடந்த ஒருநாள் ஆட்டத்தில் 20 ஓட்டங்களுக்குள் ஆட்டமிழக்க வேண்டும் என 15,000 டாலர் விலைபேசி அவர் அணுகியது ஹெர்ஷல் கிப்ஸை. ஓட்டங்களை வாரி வழங்கும்படி கேட்டது ஹென்றி வில்லியம்ஸை. நிறவெறி ஆட்சியில் ‘கலப்பினத்தவர்’ என்று முத்திரை குத்தப்பட்ட சமூகத்திலிருந்து வந்தவர்கள் இருவரும். அணியின் கதவு அவர்களைப் போன்றோருக்குத் திறந்து பத்து ஆண்டுகூட ஆகியிருக்கவில்லை. தலைவர் கேட்டால் மறுக்கத் துணியாதவர் யார் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. கிப்ஸ் அந்த ஆட்டத்தில் 74 ஓட்டங்கள் எடுத்தார் என்பது வேறு கதை. இருவரும் ஆறு மாதத் தடை பெற்றனர்.

குரோனியே இறுதியில் வாய் திறந்தார் என்பதையாவது அவர் கணக்கில் வரவு வைக்கலாம். வாரியங்களைப் பற்றி அப்படிச் சொல்ல இயலவில்லை. 1994இல் இலங்கைச் சுற்றுப்பயணத்தின்போது ஷேன் வார்னும் மார்க் வாவும் ஆடுகள நிலை, வானிலை பற்றிய தகவல்களுக்காக ‘ஜான்’ எனத் தன்னை அழைத்துக்கொண்ட தரகனிடம் பணம் பெற்றனர். ஆஸ்திரேலிய வாரியம் 1995இல் அதை அறிந்து, முறையே 8,000, 10,000 டாலர் அபராதம் விதித்து, செய்தியைப் பூட்டி வைத்தது. அதே இருவர்தாம் பாகிஸ்தானின் சலீம் மாலிக் தங்களுக்கு இலஞ்சம் தர முயன்றதாகக் குற்றஞ்சாட்டியவர்கள்! 1998 அக்டோபரில் லாகூரில் நீதிபதி கய்யூம் முன்பு மார்க் வா சாட்சியம் அளித்தபோதும் இந்த அபராதத்தைப் பற்றி யாரும் மூச்சுவிடவில்லை. டிசம்பரில் செய்தி கசிந்த பிறகே உலகம் அறிந்தது. மாலிக் குற்றமற்றவர் என்று நாம் வாதிடவில்லை. 2000இல் அவர் ஆயுள்காலத் தடை பெற்றார். அயலான் கண்ணின் துரும்பைக் காட்டியவர்கள் தங்கள் கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார்கள் என்பதே நம் வழக்கு.

இந்திய வாரியம் மட்டும் என்ன செய்தது? 1997இல் ஓய்வுபெற்ற தலைமை நீதிபதி சந்திரசூட்டைக் கொண்டு விசாரித்து, ஒன்றுமில்லை என்று கோப்பை மூடியது. மூன்றே ஆண்டுகளில் மத்தியப் புலனாய்வுத் துறை விசாரித்தபோது, முன்னாள் அணித் தலைவர் அசாருதீன் முதலானோர் தடை செய்யப்பட்டனர். அவர்மீதான ஆயுள்காலத் தடையை 2012இல் ஆந்திர உயர்நீதிமன்றம் செல்லாது என்றது. தண்டிப்பதிலும் ஒழுங்கில்லை, விடுவிப்பதிலும் ஒழுங்கில்லை.

இனி நம் வீட்டு வாசலுக்கு வருவோம். 2013 மே 16 அன்று ஸ்ரீசாந்த் உள்ளிட்ட ராஜஸ்தான் ராயல்ஸ் வீரர்கள் மூவரை டெல்லிக் காவல்துறை கைது செய்தது. பந்து வீசும்முன் இடுப்பில் துண்டைச் செருகியது தரகர்களுக்கான அடையாளம் என்பது குற்றச்சாட்டு. முகத்தை மூடி அவர்களை நடத்திச் சென்ற காட்சியைத் தொலைக்காட்சிகள் சலிக்காமல் காட்டின. எட்டு நாள்களில் மும்பைக் காவல்துறை குருநாத் மெய்யப்பனைக் கைது செய்தது. அவர் வாரியத் தலைவர் சீனிவாசனின் மருமகன். சீனிவாசன் நடத்திய இந்தியா சிமெண்ட்ஸ் நிறுவனமே சென்னை சூப்பர் கிங்ஸ் அணியின் உரிமையாளர். அதுவரை அணியின் பொறுப்பாளர்போல் வீரர்களோடு வலம்வந்தவர் ஒரே இரவில் வெறும் ‘கிரிக்கெட் ஆர்வலர்’ ஆனார். இந்த விளக்கத்தை நீதிபதி முத்கல் குழு ஏற்கவில்லை. மூடிமறைத்தார் என்ற குற்றச்சாட்டு சீனிவாசன்மீது மெய்ப்பிக்கப்படவில்லை என்பதையும் நேர்மையாகக் குறிப்பிட வேண்டும். ஆனால் ஆட்டத்தின் நடுவரே ஓர் அணிக்கும் உரிமையாளராக இருக்கலாம் என்று வழிவிட்ட விதித் திருத்தத்தை உச்சநீதிமன்றம் 2015 ஜனவரியில் செல்லாததாக்கியது. ஜூலையில் லோதா குழு இரு அணிகளையும் ஈராண்டு விலக்கியது. 2018இல் சென்னை அணி திரும்பி வந்து கோப்பையையும் வென்றது, ஊரே ஆரவாரித்தது. எப்பிழையும் செய்யாத வீரர்களுக்கு அந்த ஆரவாரம் உரியதே. நிர்வாகத்தை யார் என்ன கேட்டார்கள்?

இப்போது துண்டை விட்டுச் சட்டைக்கு வருவோம். சூது ஒரு நோய், அதை வேரறுப்போம் என்று ஒவ்வோர் ஊழலுக்குப் பின்னும் சூளுரைத்த அதே வாரியம், 2020இல் ஐ.பி.எல். போட்டிக்கே டிரீம்11 நிறுவனத்தின் பெயரைச் சூட்டி 222 கோடி ரூபாய் பெற்றது. 2023 ஜூலை முதல் இந்திய அணியின் மார்பிலேயே அந்தப் பெயர் ஏறியது. இது சூதன்று, திறமை விளையாட்டு என்பது அவர்கள் வாதம். நீதிமன்றங்களும் அவ்வாறு கூறியதுண்டு. திறமை விளையாட்டுக்கு, ‘இதில் பண இழப்பு நேரலாம், இது பழக்கமாகி அடிமைப்படுத்தலாம்’ என்று விளம்பரத்தின் கடைசி நொடியில் மூச்சுவிடாமல் ஓடும் எச்சரிக்கை எதற்கு? சதுரங்கப் பலகையின்மேல் அப்படி எழுதியதை நாம் பார்த்ததில்லை. ஆட்டத்தில் எந்த வீரர் எத்தனை ஓட்டம் எடுப்பார் என்று பணம் கட்டும்படி கோடிக்கணக்கான இளைஞரை அழைத்தவர்கள் விளம்பரங்களில் வந்த நட்சத்திர வீரர்களே. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் பணம்வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடைசெய்தபோதுதான் அந்தப் பெயர் சட்டையிலிருந்து இறங்கியது. வாரியத்தின் மனச்சான்று விழித்தெழுந்து அதை இறக்கவில்லை.

‘வெறும் விளையாட்டுக்கு இத்தனை கோபமா, சாமி?’ என்று கேட்பவர் உண்டு. மாலைநேரத்தில் காய்ந்த குளத்தில் மூன்று குச்சிகளை நட்டுவிட்டு, நடுவராக நிற்கும் சிறுவனின் கைவிரலுக்குக் கட்டுப்படும் பிள்ளைகளுக்கு அது வெறும் விளையாட்டன்று. முயற்சிக்கும் பலனுக்கும் தொடர்பு உண்டு என்பதை அவர்கள் முதன்முதலில் கற்கும் இடம் அது. வீட்டில் சாதியும் பள்ளியில் நன்கொடையும் கற்றுத்தராத பாடத்தை அந்தக் குளம் கற்றுத்தருகிறது.

முத்கல் குழு 2014 பிப்ரவரியில் தன் அறிக்கையோடு, முத்திரையிட்ட உறை ஒன்றையும் உச்சநீதிமன்றத்திடம் அளித்தது. மேலும் விசாரிக்கப்பட வேண்டியவர்கள் பற்றிய குறிப்பு அதில் இருந்தது. விளையாட்டு வீரர்கள் சிலரின் பெயர்களும் அவற்றுள் அடங்கும். நிர்வாகிகள் பற்றிய சில முடிவுகள் வெளியாயின. வீரர்களின் பெயர்களை நீதிமன்றம் முறைப்படி வெளியிடவில்லை. குற்றமற்றவர் எவரேனும் அந்தப் பட்டியலில் இருந்தால் பழி நீங்கட்டும், குற்றவாளி இருந்தால் விடை சொல்லட்டும். இடுப்பில் துண்டு செருகியவரின் பெயரை நாட்டின் குழந்தைகளும் அறிவார்கள். அந்த உறைக்குள் இருப்பவர்களை மட்டும் நாம் ஏன் அறியக்கூடாது?