குடிகள் இல்லை, ஊர் உண்டு

குடிசன மதிப்பீட்டில் பூச்சியம் என்று பதிவாகும் ஊருக்கு மேயர் எதற்கு என எவரும் கேட்கக்கூடும். ஆனால், பிரான்ஸின் வடகிழக்கே, வெர்டூன் நகருக்கு அண்மையிலுள்ள ஃப்ளூரி என்ற சிற்றூருக்கு, அங்கு எவருமே வசிக்காதபோதும், ஒரு நூற்றாண்டுக்கு மேலாக மேயர் பதவி நீடித்து வருகின்றது.

முதலாம் உலகப் போருக்கு முன்னர் அங்கு சுமார் 400 பேர் வாழ்ந்தனர். கமத்தொழிலும் மரத்தொழிலுமே அவர்களது ஜீவனோபாயம். 1916 பெப்ரவரி 21ஆம் திகதி வெர்டூன் சமர் ஆரம்பமானதை அடுத்து அம்மக்கள் வெளியேற நேர்ந்தது. அவ்வாண்டின் கோடை காலத்தில் மாத்திரம் அவ்வூர் 16 தடவைகள் கைமாறியதாகக் கூறப்படுகின்றது. ஓகஸ்ட் மாதத்தில் பிரெஞ்சுப் படையினர் அதனை இறுதியாகக் கைப்பற்றியபோது வீடு என்று சொல்ல அங்கு எதுவும் எஞ்சியிருக்கவில்லை.

போர் ஓய்ந்த பின்னரும் மக்களால் திரும்ப முடியவில்லை. வெடிக்காத எறிகணைகள் நிறைந்திருந்த அந்நிலம் 'செவ்வலயம்' என ஒதுக்கப்பட்டு, காலப்போக்கில் காடாக்கப்பட்டது. அப்பிராந்தியத்து மண்ணிலிருந்து இன்றும் எறிகணைகள் கண்டெடுக்கப்படுகின்றன.

ஆளில்லாத ஊரை அயலூருடன் இணைத்துக் கோவையை மூடிவிடுவது நிர்வாகத்திற்கு இலகுவான வழியாகும். பிரான்ஸ் அவ்வாறு செய்யவில்லை. போர் வீரர்களுக்கு வழங்கப்படும் 'பிரான்ஸுக்காக உயிர்நீத்தவர்' என்ற கௌரவத்தை அவ்வூருக்கும் அது வழங்கியது. 1919ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் ஊரின் சட்டபூர்வ அந்தஸ்தும் பேணப்பட்டது. ஃப்ளூரி உட்பட ஆறு ஊர்கள் இவ்வாறு குடிகளின்றி நிலைத்திருக்கின்றன. வாக்காளர் இல்லாத காரணத்தால் மேயரை மாவட்டத்தின் அரச பிரதிநிதியே நியமிக்கின்றார். பாடசாலையும் வெதுப்பகமும் இருந்த இடங்களை அறிவிப்புப் பலகைகள் காட்டுகின்றன.

இதனைக் குறையற்ற நீதி என நாம் கூறமாட்டோம். ஊரின் பெயர் காப்பாற்றப்பட்டது. ஊரவரோ வேற்றிடங்களில் வாழ்வைப் புதிதாகத் தொடங்க வேண்டியிருந்தது. நினைவுச் சின்னம் வீட்டிற்கு ஈடாகாது.

எனினும் இதில் ஒரு படிப்பினை உண்டு. பிரான்ஸின் கிராமங்கள் பல, பிழைப்பு நாடி மக்கள் நகரங்களுக்குச் சென்றமையால் மெலிந்தன. ஃப்ளூரி மக்களோ தாமாக ஊரைக் கைவிட்டவர்கள் அல்லர். இவ்விரண்டையும் சனத்தொகைப் புள்ளிவிபரம் பிரித்துக் காட்டுவதில்லை. ஆகவே, ஓர் ஊரின் எதிர்காலத்தைத் தீர்மானிப்போர், அங்கு இன்று எத்தனை பேர் உள்ளனர் என்பதுடன் நின்றுவிடாது, இருந்தவர்கள் ஏன் இல்லாமற் போயினர் என்பதையும் கேட்டாக வேண்டும் என்பதே எமது நிலைப்பாடாகும்.